கோவை–சேலம் வேக ரயில்: காலி இருக்கைக்கு யார் பணம் கட்டுவது?

2025 மார்ச் 14 அன்று சட்டப்பேரவையில் வாசிக்கப்பட்ட தமிழ்நாடு நிதிநிலை அறிக்கையில் கொங்கு நாட்டுக்கென்று ஓர் அறிவிப்பு இருந்தது. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, சேலம் ஆகிய நான்கு நகரங்களை இணைக்கும் 185 கி.மீ. வழித்தடத்தில், மணிக்கு 160 கி.மீ. வேகம் வரை ஓடக்கூடிய ரயிலுக்குச் சாத்தியக்கூறு ஆய்வு நடத்தப்படும் என்பதே அது. அதன்பிறகு 'புல்லட் ரயில் வருகிறது' என்று சிலரும், 'தனியாருக்குத் தாரை வார்க்கப் போகிறார்கள்' என்று வேறு சிலரும் பேசத் தொடங்கினார்கள். ஆய்வு என்றால் ஆய்வு மட்டுமே. கட்டுவதாக முடிவெடுத்துவிட்டார்கள் என்றும் பொருளில்லை, தனியாரிடம் கொடுக்கிறார்கள் என்றும் பொருளில்லை.

ஆனாலும் இவ்வளவு பெரிய செலவுள்ள திட்டம் எதுவானாலும், ஏதோ ஒரு கட்டத்தில் 'பி.பி.பி.' என்ற மூன்றெழுத்து உள்ளே வந்துவிடும். பப்ளிக் பிரைவேட் பார்ட்னர்ஷிப், அதாவது அரசு–தனியார் கூட்டு. நகர மெட்ரோ திட்டங்களுக்கு மத்திய நிதி வேண்டுமென்றால் ஏதாவது ஒரு வடிவில் தனியார் பங்கு இருந்தாக வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மெட்ரோ ரயில் கொள்கையே சொல்கிறது. அதனால் அந்த மூன்றெழுத்து வந்து நிற்கும் முன்பே அதன் உள்ளடக்கத்தைப் புரிந்துகொள்வது நல்லது.

## முதலில், எந்த ரயிலைப் பற்றிப் பேசுகிறோம்?

மூன்று வெவ்வேறு ரயில்கள் ஒரே பேச்சில் கலந்துபோகின்றன.

1. வந்தே பாரத். சென்னை–கோவை வந்தே பாரத் 2023 ஏப்ரல் 8-இல் தொடங்கியது. வண்டிதான் புதிது, பாதை பழையது. கோவை எக்ஸ்பிரஸும் சேரனும் சரக்கு வண்டிகளும் ஓடும் அதே தண்டவாளத்தில் அதுவும் ஓடுகிறது.

2. மண்டல விரைவு ரயில். நிதிநிலை அறிக்கை சொன்னது இதைத்தான். டெல்லி–மீரட் இடையே 'நமோ பாரத்' என்ற பெயரில் 2023 அக்டோபரில் இதன் முதல் பகுதி திறக்கப்பட்டது. தனிப் பாதை, பெரும்பாலும் தூண்கள் மேல். உச்ச வேகம் 160 கி.மீ. சில நிமிடங்களுக்கு ஒரு வண்டி. கிட்டத்தட்ட மெட்ரோவின் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம்.

3. அதிவேக ரயில். உலக ரயில்வே சங்கத்தின் வரையறைப்படி, புதிய பாதையில் மணிக்கு 250 கி.மீ. அல்லது அதற்கு மேல் ஓடுவது. மும்பை–அகமதாபாத் 508 கி.மீ. பாதை இந்த வகை.

மூன்றாவது வகையிலும் கொங்கு நாட்டுக்கு ஒரு பழைய தொடர்பு உண்டு. 2009 டிசம்பரில் ரயில்வே அமைச்சகம் வெளியிட்ட 'விஷன் 2020' ஆவணம், தனியார் கூட்டில் அமைக்கத்தக்க அதிவேக வழித்தடங்களைப் பட்டியலிட்டது. அதில் சென்னை–பெங்களூரு–கோவை–எர்ணாகுளம் ஒன்று. பிற்பாடு தேசிய அதிவேக ரயில் கழகம் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வழித்தடமோ சென்னை–பெங்களூரு–மைசூரு, 435 கி.மீ. அது கொங்கு மண்ணைத் தொடவில்லை. ஆகவே இன்றைய நிலையில் நம் ஊர்ப் பேச்சுக்கு அடிப்படை இரண்டாவது வகைதான். கடன், ஒப்பந்தம், நிலம் பற்றிய கேள்விகள் இரண்டுக்கும் பொது என்பதால், அதிவேக ரயில் கட்டிய நாடுகளின் அனுபவம் நமக்கு அப்படியே பயன்படும்.

## செலவின் பெரும்பகுதி வட்டி

ரயில் திட்டத்தில் பணம் முழுவதையும் முதலிலேயே கொட்ட வேண்டும். நிலம், தூண்கள், பாலங்கள், தண்டவாளம், மின்கம்பி, சிக்னல், நிலையங்கள், வண்டிகள் எல்லாம் தயாரான பிறகுதான் முதல் டிக்கெட்டே விற்கும். அதற்குள் ஏழெட்டு வருடம் ஓடிவிடும். அதுவரை வாங்கிய கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டே இருக்கும்.

டெல்லி–மீரட் 82 கி.மீ. பாதைக்கு ஒப்புதலான மதிப்பீடு 30,274 கோடி ரூபாய். கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 370 கோடி. அதில் சுரங்கப் பகுதிகளும் உண்டு என்பதால் நம் வழித்தடத்துக்கு அதை அப்படியே பெருக்க முடியாது. கணக்குப் புரிவதற்காக மட்டும், 40,000 கோடி என்று ஒரு தொகையை வைத்துக்கொள்வோம். தினமும் ஒரு லட்சம் பேர் பயணம் செய்வதாகவும் கொள்வோம்.

1. முழுத் தொகையும் 8 சதவீத வட்டிக் கடன் என்றால், வருட வட்டி 3,200 கோடி. நாளுக்கு சுமார் 8.77 கோடி. ஒரு பயணியின் தலையில் 877 ரூபாய். வண்டி ஓட்டும் செலவும் அசலும் இதில் சேரவில்லை.

2. அரசு 40 சதவீதத்தை மானியமாகக் கொடுத்து, மீதிக்கு மட்டும் கடன் என்றால் ஒரு பயணிக்கு 526 ரூபாய்.

3. மும்பை–அகமதாபாத் பாதைக்கு ஜப்பான் கொடுத்ததுபோல 0.1 சதவீத வட்டி என்றால் ஒரு பயணிக்கு 11 ரூபாய்.

877 எங்கே, 11 எங்கே! ரயில், தூண், தண்டவாளம் எல்லாம் ஒன்றுதான். கடன் வாங்கிய இடம் மட்டும் வேறு. மும்பை–அகமதாபாத் திட்டத்தை அரசு நிறுவனமே கட்டுகிறது. மத்திய அரசுக்கு 50 சதவீதமும் மகாராஷ்டிரத்துக்கும் குஜராத்துக்கும் தலா 25 சதவீதமும் பங்கு. முதல் மதிப்பீட்டில் 81 சதவீதம் ஜப்பான் கடன், 50 வருடத் தவணை, முதல் 15 வருடம் அசல் கட்ட வேண்டாம். (யென் மதிப்பு ஏறினால் அந்தச் சுமை நம்முடையது என்பதையும் மறக்கக் கூடாது.)

தனியார் நிறுவனத்துக்கு 0.1 சதவீதத்தில் யாரும் கடன் தர மாட்டார்கள். அரசைவிடத் தனியாருக்குக் கடன் எப்போதும் விலை கூடுதல். அப்படியிருந்தும் தனியாரைக் கூட்டுச் சேர்க்கக் காரணம் இருக்க வேண்டும் அல்லவா? சொல்லப்படும் காரணங்கள் இரண்டு. ஒன்று, கட்டுமானம் குறித்த காலத்தில், குறித்த செலவில் முடியும். தாமதமானால் நட்டம் அவர்களுக்கு. இன்னொன்று, ஆபத்தின் ஒரு பங்கை அவர்கள் ஏற்பார்கள். இரண்டாவது காரணத்தில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது.

## விசைத்தறிக் கணக்கில் ஒப்பந்த வகைகள்

பல்லடம், சோமனூர் பக்கம் விசைத்தறி வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரே தறி, ஒரே ஆள், ஒரே துணி. ஆனால் கூலிக்கு நெய்வது வேறு, சொந்தப் பாவு போட்டு நெய்வது வேறு. கூலிக்கு நெய்பவருக்குத் துணி சந்தையில் விற்றதா, விலை சரிந்ததா என்ற கவலை இல்லை. நெய்த மீட்டருக்குக் கூலி வந்தால் போதும். சொந்தமாக நூல் வாங்கி நெய்பவருக்கு விலை ஏறினால் லாபம், சரிந்தால் வீட்டு நகை அடகுக் கடைக்குப் போகும். ரயில் ஒப்பந்தங்களும் இப்படித்தான் பிரிகின்றன.

1. சொந்தப் பாவு: வசூல் ஆபத்து தனியாருக்கு. நிறுவனமே கடன் வாங்கிக் கட்டி, 35 அல்லது 50 வருடம் கட்டணம் வசூலித்து, பிறகு அரசிடம் ஒப்படைக்கும். தைவான் அதிவேக ரயில் இப்படித் தொடங்கியது. பிரான்சில் தூர்–பொர்தோ 302 கி.மீ. பாதையும் 50 வருட உரிமையில் இதே வகை. ஆனால் அங்கே செலவில் ஒரு பெரும்பகுதியை அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் முதலிலேயே ஏற்றுக்கொண்டன.

2. கூலி நெசவு: தயார்நிலைக் கட்டணம். நிறுவனம் பாதையைக் கட்டிப் பராமரிக்கும். பாதை ஓட்டத்துக்குத் தயாராக இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் அரசு பணம் தரும். தயாராக இல்லையென்றால் பிடித்தம். ஏறுகிறவர் பத்துப் பேரா பத்தாயிரம் பேரா என்பது அரசின் கவலை. தூர்–பொர்தோ திறந்த அதே 2017 ஜூலை 2-இல் பிரான்சின் இன்னொரு பாதை, 182 கி.மீ. நீளமுள்ள பிரெத்தாஞ் பாதை, 25 வருடத் தயார்நிலை ஒப்பந்தத்தில் திறக்கப்பட்டது. ஒரே நாடு, ஒரே நாள், இரண்டு விதக் கணக்கு.

3. குத்தகை. அரசே கட்டி முடித்து, ஓடத் தொடங்கிய பிறகு நீண்டகாலக் குத்தகைக்கு விடுவது. லண்டனிலிருந்து, பிரான்சுக்குப் போகும் ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்கம் வரை போகும் 'எச்.எஸ்.1' பாதையை 2010-இல் பிரிட்டன் 30 வருடத்துக்கு 2.1 பில்லியன் பவுண்டுக்கு விட்டது.

4. ஓட்டும் வேலை மட்டும். பாதை, வண்டி எல்லாம் அரசின் சொத்து. தினசரி இயக்கமும் பராமரிப்பும் மட்டும் தனியாருக்கு. டெல்லி–மீரட்டில் ஜெர்மனியின் டாய்ச்ச பான் குழும நிறுவனம் செய்வது இதை. இதையும் 'தனியார்மயம்' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறார்கள். முதல் வகைக்கும் இதற்கும் உள்ள தூரம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது.

இவற்றுக்கு நடுவே மத்திய அரசின் 'வி.ஜி.எஃப்.' என்ற மானியம் இருக்கிறது. மக்களுக்குத் தேவையான திட்டம், ஆனால் வசூலை மட்டும் வைத்துப் பார்த்தால் கட்டுபடியாகாது என்னும்போது, செலவில் 20 சதவீதம் வரை மத்திய அரசும், மேலும் 20 சதவீதம் வரை திட்டத்துக்கு உரிய மாநில அரசோ அமைப்போ கொடுக்கலாம். மேலே நான் போட்ட 40 சதவீதக் கணக்கு அங்கிருந்து வந்ததுதான்.

## இது புதுச் சரக்கா?

இல்லவே இல்லை. சேலம், ஈரோடு, போத்தனூர் வழியாகக் கேரளக் கரை வரை போன முதல் பாதையைக் கட்டியது மெட்ராஸ் ரயில்வே கம்பெனி என்ற லண்டன் தனியார் நிறுவனம். 1862-இல் பேப்பூர் வரை பாதை முடிந்தது. ஒப்பந்தம் என்ன? நிலம் இலவசம், போட்ட முதலுக்கு 5 சதவீத வருமானத்துக்கு அரசு உத்தரவாதம், வசூல் குறைந்தால் மீதியை இந்தியாவின் வரிப்பணத்திலிருந்து நிரப்புவார்கள். லாபம் நிச்சயம் என்றான பிறகு சிக்கனமாகக் கட்ட யாருக்கும் காரணம் இருக்கவில்லை. இந்திய அரசில் நிதிப் பொறுப்பு வகித்த வில்லியம் மாசி 1872-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு முன் இதை வெளிப்படையாகவே சொன்னார்: ஐந்து சதவீதம் உறுதியாகக் கிடைக்கும்வரை, தன் பணத்தை ஹூக்ளி ஆற்றில் கொட்டினார்களா, செங்கல்லும் சுண்ணாம்புமாக மாற்றினார்களா என்பது முதலீட்டாளருக்கு ஒரு பொருட்டல்ல.

நம் மண்ணில் ஓடிய முதல் ரயிலே கூட்டுத் திட்டம்தான். அதில் ஆபத்து முழுவதும் விவசாயியின் நிலவரியில் இருந்தது.

## திருப்பூர்த் தண்ணீர் கற்றுத் தந்தது

தைவானுக்குப் போகும் முன் திருப்பூருக்குப் போவோம். வெளிநாட்டு உதாரணம் எதையும்விட இது நமக்கு நெருக்கம். இதை ரயிலோடு சேர்த்து யாரும் பேசாதது எனக்கு வருத்தம்.

1990-களில் பனியன் ஏற்றுமதி பெருகியபோது திருப்பூருக்குத் தண்ணீர் இல்லை. சாயப்பட்டறைகள் லாரித் தண்ணீரை நம்பி ஓடின. அப்போது 1995-இல் நியூ திருப்பூர் ஏரியா டெவலப்மெண்ட் கார்ப்பரேஷன் தொடங்கப்பட்டது. மாநில அரசின் அமைப்பு, ஏற்றுமதியாளர் சங்கம், நிதி நிறுவனம் என எல்லோரும் சேர்ந்த கூட்டு. பவானி அருகே காவிரியிலிருந்து நாளுக்கு 18.5 கோடி லிட்டர் எடுத்து வரும் திட்டம், 1,023 கோடி ரூபாய், 30 வருட உரிமை. குடிநீர்த் துறையில் இந்தியாவின் முதல் பெரிய அரசு–தனியார் திட்டம் என்று நாடு முழுவதும் பேசப்பட்டது. 2000-களின் நடுவில் தண்ணீரும் வந்தது. குழாய் வந்தது, ஊர் குடித்தது. அதை மறுக்க முடியாது.

வரவுக் கணக்கு ஒரு நம்பிக்கையின் மேல் நின்றது. சாயப்பட்டறைகள் அதிக விலைக்குத் தண்ணீர் வாங்கும். அந்த வருமானத்தில் வீடுகளுக்கும் கிராமங்களுக்கும் குறைந்த விலையில் கொடுக்கலாம். ஆனால் அதே பட்டறைகளின் கழிவு நொய்யலில் கலந்து ஒரத்துப்பாளையம் அணையை நாசமாக்கியிருந்தது. கீழ்ப்பகுதி விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவை முழுமையாகச் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதிக விலை கொடுத்து வாங்க வேண்டியவர்கள் ஒரே நாளில் காணாமல் போனார்கள். பிறகு திறந்தவர்களும் கழிவுநீரையே சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்த வேண்டியதாயிற்று. ஆற்றுத் தண்ணீரின் தேவை அதனால் நிலையாகவே குறைந்தது. நிறுவனம் கடனைக் கட்ட முடியாமல் கடன் மறுசீரமைப்புக்குப் போனது.

அந்தத் தீர்ப்பு நியாயமான தீர்ப்பு. குழாயும் நன்றாகப் போடப்பட்ட குழாய்தான். தவறியது ஒன்றே ஒன்று: 30 வருடத்துக்கு யார் வாங்குவார்கள் என்ற மதிப்பீடு. அந்த மதிப்பீட்டைக் கவிழ்த்த காரணமும் தண்ணீர்த் துறைக்குள் இல்லை, வேறெங்கோ இருந்து வந்தது.

## தைவான்: மதிப்பீடு தவறினால்

தைபே–காவ்சியுங் பாதைக்கான டெண்டரை வென்ற கூட்டமைப்பு, அரசு தன் கையிலிருந்து பணம் போடவே வேண்டாம் என்று சொல்லித்தான் வென்றது. 1998-இல் 35 வருட ஒப்பந்தம். 2007 ஜனவரியில் ரயில் ஓடத் தொடங்கியது. ரயில் அருமையான ரயில். நேரம் தவறாமை, பாதுகாப்பு எல்லாவற்றிலும் நல்ல பெயர். ஆனால் முதல் வருடத்தில் வந்த பயணிகள் எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை. பல நிலையங்கள் நகர மையத்திலிருந்து தள்ளி, வயல்வெளிகளில் கட்டப்பட்டிருந்தன. அங்கே புதுநகரம் எழும் என்பது திட்டம். நகரம் அவ்வளவு சீக்கிரம் எழவில்லை. வட்டியும் தேய்மானமும் நிறுவனத்தை விழுங்கின.

நிறுவனம் மூழ்கினால் கடன் வங்கிகளோடு போய்விடாது. வங்கிகள் கடன் கொடுத்ததே, நிறுவனம் தவறினால் அரசு ஏற்கும் என்ற முத்தரப்பு ஒப்பந்தத்தை நம்பித்தான். 2009-இல் நிர்வாகம் அரசின் கைக்கு வந்தது. 2015-இல் பங்கு முதலீட்டில் 60 சதவீதம் குறைக்கப்பட்டு, அரசுத் தரப்புப் புதுப்பணம் போட்டது; உரிமைக் காலம் 35 வருடத்திலிருந்து 70 ஆக்கப்பட்டது. வருட லாபம் 2011-லேயே வரத் தொடங்கியிருந்தாலும், நிதிநிலை சீரானது இதன்பிறகுதான்.

'அரசு பணம் போட வேண்டாம்' என்று தொடங்கியது, அரசு பெரும்பங்குதாரராவதில் முடிந்தது.

எச்.எஸ்.1-ன் கதையும் தொடக்கத்தில் இதேதான். 1996-இல் ஒப்பந்தம் பெற்ற நிறுவனம், லண்டன்–பாரிஸ் யூரோஸ்டார் ரயிலின் பயணிகள் எண்ணிக்கை கணித்த அளவில் வராததால், 1998-இல் மேலும் 1.2 பில்லியன் பவுண்டு கேட்டு அரசிடம் திரும்பி வந்தது. கடைசியில் 2009-இல் நிறுவனமே அரசுடமையானது. கட்டுமான ஆபத்தும் வசூல் ஆபத்தும் கழிந்து, மாதா மாதம் என்ன வரும் என்று தெரிந்த பிறகே 2010 குத்தகை. அதை எடுத்தவற்றுள் ஒன்று கனடாவின் ஆசிரியர் ஓய்வூதிய நிதி. ஓய்வூதியப் பணம் நிச்சயமான வரவைத் தேடும். தனியார் பணத்தை எந்தக் கட்டத்தில் உள்ளே கொண்டுவருவது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை.

பயணிகள் மதிப்பீடு தவறுவது தற்செயலும் அல்ல. 14 நாடுகளின் 210 போக்குவரத்துத் திட்டங்களை ஆராய்ந்து டென்மார்க் ஆய்வாளர் பெண்ட் ஃப்ளூவியர்க்கின் குழு 2005-இல் வெளியிட்ட ஆய்வில், பத்தில் ஒன்பது ரயில் திட்டங்கள் பயணிகளை மிகைப்படுத்தியே கணித்திருந்தன. சராசரி மிகை 106 சதவீதம். அதாவது வந்தவர்களைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் வருவார்கள் என்று எழுதியிருந்தார்கள்.

## அடுத்தவர் வேலை முடியாவிட்டால்

பிரான்சின் பெர்ப்பிஞானிலிருந்து ஸ்பெயினின் ஃபிகேரஸ் வரை, மலைக்குள் சுரங்கத்தோடு 44 கி.மீ. அதிவேகப் பாதை. தனியார் நிறுவனம் 2009-இல் முடித்துவிட்டது. ஆனால் ஸ்பெயின் பக்கம் பார்சலோனாவிலிருந்து வந்து சேர வேண்டிய பாதை 2013 ஜனவரியில்தான் திறந்தது. நாலு வருடம் பார்சலோனாவோடு இணைப்பில்லாத பாதைக்கு வட்டி ஓடியது. பிறகும் போதிய ரயில்கள் வரவில்லை. 2016-இல் நிறுவனம் கலைக்கப்பட்டது. பாதை இரு நாட்டு அரசு ரயில்வேக்களிடம் போனது.

நெதர்லாந்தின் அதிவேகப் பாதைக்குத் தயார்நிலை ஒப்பந்தம். தண்டவாளம் தயார்; ஆனால் அதில் ஓட வேண்டிய 'ஃபைரா' ரயில்கள் பல வருடத் தாமதத்துக்குப் பிறகு வந்து, 2013 ஜனவரியில் பழுதுகளால் திரும்பப் பெறப்பட்டன. தண்டவாளம் போட்டவர் தன் வேலையைச் செய்துவிட்டார், அவருக்குக் கூலி தர வேண்டும். ரயில் இல்லாததற்கு அவர் பொறுப்பில்லை. கூலி நெசவு பாதுகாப்பானதுதான், ஆனால் பாதுகாப்பு யாருக்கு என்று பார்க்க வேண்டும்.

இந்தியாவிலும் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஐதராபாத் மெட்ரோவுக்கு 2008-இல் வென்ற கூட்டமைப்பு, மானியம் கேட்பதற்குப் பதில் அரசுக்கே 30,311 கோடி தருவதாகச் சொன்னது. இது ரயிலுக்கான விலை அல்ல, நிலத்துக்கான விலை என்று டெல்லி மெட்ரோவை நடத்திய இ. ஸ்ரீதரன் எச்சரித்தார். 2009-இல் அந்த ஒப்பந்தம் ரத்தானது. அடுத்து எல் அண்ட் டி 1,458 கோடி மானியத்தோடு எடுத்து, 2017 நவம்பரில் ஓட்டத் தொடங்கியது. தொடர் நட்டம். 2025-இல் தெலங்கானா அரசு அதைத் தானே ஏற்றுக்கொள்ளக் கொள்கையளவில் ஒப்புக்கொண்டது.

டெல்லி விமான நிலைய மெட்ரோ 22.7 கி.மீ. கட்டுமானம் அரசு நிறுவனம், மற்றவை தனியார் என்று பிரித்தார்கள். 2012-இல் பாலத்தின் தாங்கிகளில் குறை என்று ரயில் நின்றது. குறை யாருடையது? 2013-இல் தனியார் விலகியது. 2017-இல் நடுவர் மன்றம் தனியாருக்கு 2,782 கோடி தரச் சொன்னது. 2021-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2024 ஏப்ரலில் அதே நீதிமன்றம் 'கியூரேட்டிவ்' என்ற கடைசிக்கட்ட மனுவில் அதை ரத்து செய்தது. பதினொரு வருடம்! பொறுப்பைப் பிரிக்கும் கோடு ஒப்பந்தத்தில் தெளிவாக இல்லாவிட்டால் இதுதான் விலை.

## நம் வழித்தடத்தில் யார் ஏறுவார்கள்?

டெல்லி–மீரட்டில் 82 கி.மீ. தூரம் எல்லா நிலையங்களிலும் நின்று போக ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அதே சராசரி வேகம் என்றால் 185 கி.மீ.க்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட ஆகும். வந்தே பாரத் இன்றே கோவையிலிருந்து சேலத்துக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் போய்விடுகிறது. சாதாரண வண்டியின் முன்பதிவில்லாப் பெட்டியில் நூறு ரூபாய்க்குக் குறைவாகவே போகலாம்.

ஆகவே கோவையிலிருந்து சேலம் வரை முழுத் தூரமும் போகிறவர்களை நம்பி இந்த ரயில் நிற்க முடியாது. அதன் பலன் வேறிடத்தில் இருக்கிறது. பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு வண்டி. கோவையிலிருந்து திருப்பூருக்கும், பெருந்துறையிலிருந்து ஈரோட்டுக்கும், சங்ககிரியிலிருந்து சேலத்துக்கும் தினமும் போய்வருகிறவர்கள். சீசன் டிக்கெட்காரர்கள், பனியன் கம்பெனித் தொழிலாளர்கள், கல்லூரி மாணவர்கள், கோவை ஆஸ்பத்திரிகளுக்கு வருகிறவர்கள். இவர்கள் இன்று பஸ்ஸிலும் இருசக்கர வண்டியிலும் போகிறார்கள். இருபது ரூபாய் கூடினாலும் கணக்குப் பார்ப்பவர்கள். 526 ரூபாய் வட்டிச் சுமையை இவர்கள் டிக்கெட்டில் ஏற்ற முடியாது.

இதிலிருந்து என் முடிவு: வசூலை நம்பிய முதல் வகை ஒப்பந்தம் இந்த வழித்தடத்துக்குப் பொருந்தாது. அரசே குறைந்த வட்டிக்குக் கடன் வாங்கிக் கட்டி, இயக்கத்தைத் தகுதியான நிறுவனத்திடம் அளவுகோல்களோடு கொடுப்பது, அல்லது சில வருடம் ஓட்டிப் பயணிகள் எண்ணிக்கை தெரிந்த பிறகு குத்தகைக்கு விடுவது, இந்த இரண்டில் ஒன்றே நியாயம்.

## ஒப்பந்தம் வரும்போது பார்க்க வேண்டிய பக்கங்கள்

1. பயணிகள் மதிப்பீடு. யார் தயாரித்தது, எந்தக் கட்டணத்துக்கு, எத்தனை பேர். அறிக்கை முழுமையாக வெளியாக வேண்டும். மதிப்பீட்டில் பாதிதான் வந்தால் வருடப் பற்றாக்குறை எவ்வளவு, அது எந்தக் கணக்கிலிருந்து வரும் என்ற ஒரு பக்கம் அதில் இருக்கிறதா?

2. போட்டித் தடை விதி. பக்கத்தில் வேறு பாதையோ கூடுதல் ரயிலோ வந்தால் நட்டஈடு என்ற விதி உண்டா? உண்டென்றால் பழைய பாதையில் பாசஞ்சர் வண்டி கூட்டக் கேட்பதே நாளை ஒப்பந்த மீறலாகும்.

3. விரிவாக்கப் பொறுப்பு. நீலம்பூர்–மதுக்கரை புறவழிச்சாலை 1990-களின் இறுதியில் கட்டி–இயக்கி–ஒப்படைக்கும் முறையில் போடப்பட்டது. இன்றும் மக்கள் அதைக் கம்பெனி பெயராலேயே சொல்கிறார்கள். போக்குவரத்து பன்மடங்கு பெருகிய பிறகும் அது நெடுங்காலம் இருவழிச் சாலையாகவே இருந்தது. முப்பது வருட ஒப்பந்தத்தில் 'தேவை கூடினால் யார் அகலப்படுத்துவது' என்ற வரி எவ்வளவு முக்கியம் என்பதை அந்தச் சாலையில் இரவு லாரிக்குப் பின்னால் போனவர்கள் அறிவார்கள்.

4. விலகல் தொகை. நிறுவனம் பாதியில் போனால் அரசு எவ்வளவு கொடுக்க வேண்டும்? கடன் முழுவதையும் அரசு ஏற்கும் என்றிருந்தால், வங்கிக்கும் கவலையில்லை, நிறுவனத்துக்கும் பெரிய கவலையில்லை.

5. நிலையமும் அதைச் சுற்றிய நிலமும். ஐதராபாத்தில் ரயிலோடு 269 ஏக்கர் வணிக மேம்பாட்டுக்குக் கொடுக்கப்பட்டது. நிலையம் வந்தால் நிலத்தின் விலை ஏறும். அந்த ஏற்றத்தில் ஒரு பங்கு ரயில் கடனுக்குப் போவது சரியான யோசனைதான். ஆனால் மனை விற்க வசதி என்பதற்காக நிலையம் ஊருக்கு வெளியே தள்ளிப் போனால் தைவானில் நடந்ததே நடக்கும். திருப்பூர் நிலையம் பனியன் கம்பெனிகளிலிருந்து பத்துக் கிலோமீட்டர் தள்ளி அமைந்தால், ரயிலில் மிச்சமான நேரம் ஆட்டோவில் போய்விடும்.

## நிலம் கொடுப்பவருக்கு

கடைசியாக, 'பி.பி.பி.' என்ற அந்த முத்திரை ஒரு தூண் எழும்பும் முன்பே ஒருவரைப் பாதிக்கும்: பாதையில் தோட்டம் வைத்திருப்பவரை. 2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டப்படி, அரசு–தனியார் கூட்டுத் திட்டத்துக்கு நிலம் எடுக்க, பாதிக்கப்படும் குடும்பங்களில் 70 சதவீதத்தின் சம்மதம் வேண்டும். முழுத் தனியார் திட்டத்துக்கு 80 சதவீதம். அரசுத் திட்டத்துக்குச் சம்மதம் தேவையில்லை. இங்கே ஒரு வாசலும் திறந்திருக்கிறது. அச்சட்டத்தின் நான்காவது அட்டவணையில் உள்ள 13 சட்டங்களின் கீழ் நிலம் எடுத்தால் சம்மத விதியும் சமூகத் தாக்க மதிப்பீடும் பொருந்தாது. இழப்பீட்டு விதிகள் மட்டும் பொருந்தும். அந்த அட்டவணையில் 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டமும் இருக்கிறது, 1978-ஆம் ஆண்டின் மெட்ரோ ரயில்வே கட்டுமானச் சட்டமும் இருக்கிறது.

கெயில் குழாய்க்கும் உயர்மின் கோபுரத்துக்கும் நிலம் எடுத்தபோது கொங்கு விவசாயிகள் சந்தித்த சட்டங்களும் இதே அட்டவணையில் உள்ளவைதான். ஆகவே திட்டம் எந்த வகை ஒப்பந்தத்தில் வருகிறது என்று கேட்கும்போதே, நிலம் எந்தச் சட்டத்தின் கீழ் எடுக்கப்படுகிறது என்றும் கேட்க வேண்டும். லாபத்தில் பங்கு பெற ஒரு தனியார் நிறுவனம் வருகிறது, நிலம் மட்டும் அரசுத் திட்டத்தின் பெயரில் சம்மதம் கேட்காமல் எடுக்கப்படுகிறது என்றால், அவிநாசிக்கும் சங்ககிரிக்கும் இடையே தோட்டம் வைத்திருப்பவர் கிராமசபையில் எழுந்து அதைக் கேட்கலாம். பதில் எழுத்தில் வர வேண்டும், அதுவும் கையகப்படுத்தல் அறிவிப்புக்கு முன்பே.